கூலன்ட் சென்சார் பழுதா? மாற்றும் முன் அளந்து பார்க்கும் வழி

காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினால் பெட்ரோல் வாடையும் கரும்புகையுமாக ஒருவழியாகக் கிளம்பும். என் கார் இரண்டு மாதம் இப்படி இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரை மாற்றினேன், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், பிறகு புது சென்சாரே மோசமோ என்று இன்னொரு சென்சாரும் வாங்கிப் போட்டேன். எதுவும் உதவவில்லை. கோளாறு சென்சாரில் இல்லை. அதற்குப் போகும் கனெக்டரின் பின்புறம், வயரும் பின்னும் சேரும் இடத்தில் பச்சையாகப் பூத்திருந்த அரிப்பில் இருந்தது.

சரியான வரிசையில் சோதித்திருந்தால் இதை ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். மல்டிமீட்டரை (வோல்ட், மின்தடை அளக்கும் கருவி) இதுவரை தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை, பொறுமையாக ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். கட்டுரையில் டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த சென்சாருக்குள் இருப்பது வெப்பம் ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னத் துண்டு. எஞ்சினை இயக்கும் கணினி, அதாவது இசியு, ஒரு வயரில் 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் தடையால் அந்த வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. தடை அதிகமென்றால் குளிர், குறைவென்றால் சூடு. ஆகவே வழியில் எங்கேயாவது துரு ஏறித் தடை கூடினால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் இசியு அதைக் குளிர்ந்ததாகவே நினைக்கும்.

1. அறிகுறி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்

சென்சார் கெட்டால் இரண்டு விதமாகத்தான் பொய் சொல்லும். உண்மையைவிடக் குளிராகச் சொல்லும், அல்லது உண்மையைவிடச் சூடாகச் சொல்லும்.

குளிராகச் சொன்னால் இசியு தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும். மைலேஜ் விழும், கரும்புகை வரும், சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) சுற்று இறங்காமல் நிற்கும். சூடாகச் சொன்னால் இதற்கு நேர் எதிர். குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் கிடைக்காமல் காலையில் கிளம்பத் திணறும், முதல் சில நிமிடம் இழுவை இருக்காது, ரேடியேட்டர் ஃபேன் தேவையில்லாமல் ஓடும். டீசல் வண்டியில், ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றியான க்ளோ பிளக் எவ்வளவு நேரம் சூடாக வேண்டும் என்பதும் பெரும்பாலும் இந்த அளவைப் பார்த்தே முடிவாகிறது.

இசியு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் சென்சாரை நம்புவதை நிறுத்திவிட்டு, பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். பல வண்டிகளில் ஏசி கம்ப்ரசரையும் நிறுத்திவிடும். ஏசி ஏன் குளிரவில்லை என்று தனியாகத் தேடப் போகாதீர்கள், இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம்.

எந்த அறிகுறி, எஞ்சின் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, நிறுத்தி எத்தனை நிமிடம் கழித்து என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்தக் காகிதம் கடைசி வரை தேவைப்படும்.

டாஷ்போர்டில் உள்ள வெப்பமானி முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் கிட்டத்தட்ட 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரைக்கும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

2. முதலில் சேர்க்க வேண்டியவை

தாள்களிலிருந்து தொடங்குவோம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் மூன்று பக்கங்கள் வேண்டும்: சென்சாரின் வெப்பநிலை–ஓம் அட்டவணை (ஓம் என்பது மின்தடையின் அலகு), வயரிங் படம், சென்சார் எங்கே இருக்கிறது என்ற படம். கார் வாங்கும்போது கொடுக்கும் சிறு கையேட்டில் இவை பெரும்பாலும் இருக்காது. அப்புறம் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே இடையில் சென்சாரை மாற்றியிருப்பார்கள் என்பதால், மாடல் பெயரைச் சொல்லிப் பொருள் வாங்குவது ஆபத்து. வண்டிக்கு உத்தரவாதம் மீதமிருந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் படியுங்கள். வயரில் கைவைத்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்ட பிறகே மேலே போங்கள்.

கருவிகளில் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகி இசியுவைப் படிக்கும் கருவி) ஒன்று, டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. போனோடு ப்ளூடூத்தில் சேரும் சாதாரண ஸ்கேனர் போதும், ஆனால் கோளாறு எண்ணை மட்டும் காட்டாமல் நேரடி அளவுகளையும் காட்ட வேண்டும். சமையலறை வெப்பமானி ஒன்றும், மெல்லிய குண்டூசி இரண்டும் எடுத்து வையுங்கள். 330 ஓம், 2,200 ஓம் ரெசிஸ்டர் (குறிப்பிட்ட மின்தடை உள்ள சின்னப் பாகம்) ஒவ்வொன்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்குங்கள்; உங்கள் வண்டிக்கு வேறு அளவு தேவைப்படலாம், வாங்கும் முன் எட்டாவது படியைப் பாருங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவானது இந்த ரெசிஸ்டர்தான், எனக்குக் கடைசியில் உண்மையைச் சொன்னதும் இதுதான்.

நேரக் கணக்கு இது: ஓர் இரவு எஞ்சின் ஆற வேண்டும், மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் வேலை. வண்டி தேவைப்படாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கோளாறு எண்ணைக் குறியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்கேனரைச் செருகி எண்ணைப் படியுங்கள். இந்த சென்சாரைச் சுற்றி வரக்கூடியவை:

பி0115: சென்சார் சுற்றில் பொதுவான கோளாறு.
பி0116: அளவு நம்பும்படி இல்லை.
பி0117: வோல்ட் மிகக் குறைவு. பெரும்பாலும் வயர் எர்த்தில் (பேட்டரி நெகட்டிவோடு இணைந்த உலோகப் பகுதியில்) உரசுகிறது அல்லது சென்சாருக்குள் ஷார்ட்.
பி0118: வோல்ட் மிக அதிகம். வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது.
பி0119: விட்டுவிட்டு வரும் கோளாறு. முதலில் கனெக்டரைச் சந்தேகியுங்கள்.
பி0128: எஞ்சின் எதிர்பார்த்த நேரத்தில் சூடாகவில்லை.

கடைசி எண்தான் பலரைத் தடுக்கி விழவைப்பது. பி0128 வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது என்றே பெரும்பாலும் சொல்வார்கள். பல சமயம் அது உண்மைதான். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடாகியும் சென்சார் வழி அதைக் குறைத்துச் சொன்னாலும் இதே எண் வரும். எனக்கு வந்தது இதுதான், தெர்மோஸ்டாட் மாற்றியதும் இதனால்தான்.

எண்ணோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் போட்டோ எடுத்து வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் வெப்பநிலை, வேகம், எஞ்சின் சுற்று என்னவாக இருந்தன என்று அதில் இருக்கும். கோளாறு எண்ணை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும். வொர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போதும் இதைச் சொல்லி விடுங்கள், உள்ளே எடுத்ததும் அழித்துவிட்டுத் தொடங்கும் பழக்கம் பலரிடம் உண்டு.

4. கூலன்ட் மட்டம்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. சென்சாரின் முனை கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். மட்டம் இறங்கியோ காற்று அடைத்தோ இருந்தால் நல்ல சென்சாரும் தாறுமாறாகக் காட்டும். எஞ்சின் ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் கசிவைச் சரிசெய்து, நிரப்பி, காற்றை வெளியேற்றிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியையோ அழுத்தம் உள்ள டாங்கி மூடியையோ எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பது 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். ஃபேனும் சாவியை எடுத்த பிறகுகூடச் சில வண்டிகளில் தானாக ஓடும், கையையும் தளர்ந்த துணியையும் தள்ளியே வையுங்கள்.

5. ஆறிய எஞ்சினில் முதல் அளவு

வண்டியை நிழலில் நிறுத்தி குறைந்தது எட்டு மணி நேரம் விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்து ஸ்கேனரில் இரண்டு அளவுகளைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை. பக்கத்தில் உங்கள் வெப்பமானியையும் வையுங்கள். எட்டு மணி நேரம் ஆறிய எஞ்சினில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 5 டிகிரிக்கு மேல் விலகினால் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

என் வண்டியில் வெப்பமானி 20, காற்று 20, கூலன்ட் 13 காட்டியது. ஏழு டிகிரிதானே என்று நானும் விட்டேன், வண்டியைப் பார்த்த மெக்கானிக்கும் விட்டார். விட்டிருக்கக் கூடாது. ஏன் என்று எட்டாவது படியில் தெரியும்.

ஸ்கேனரில் கழித்தல் 40 டிகிரி என்று வந்தால் அது அளவே இல்லை. ஓபிடி முறையில் இந்த அளவு தொடங்குவதே அந்த எண்ணிலிருந்துதான். சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள், நேராக ஏழாவது படிக்குப் போங்கள்.

6. சூடாவதைப் பாருங்கள்

இப்போது ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் அளவை எழுதுங்கள். ஸ்கேனர் வரைபடம் போடும் என்றால் இன்னும் நல்லது. அளவு படிப்படியாக, ஒரே சீராக ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது ஒரு சின்ன இறக்கம் தெரியும். வண்டியைப் பொறுத்து 80 முதல் 95 டிகிரிக்குள் அது நடக்கும். பிறகு 95 முதல் 105 டிகிரி அளவில் ஃபேன் ஓடத் தொடங்கும், அளவு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும்.

40-லிருந்து ஒரே தாவலில் 70, மறுபடி 35 என்று குதித்தால் உள்ளே இணைப்பு விட்டுப்போகிறது. கூலன்ட் அப்படி ஒரு நொடியில் சூடாகவும் ஆறவும் முடியாது. ஸ்கேனர் ஓடும்போதே சென்சார் வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைத்ததும் எண் ஆடினால் தேட வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. அசைக்கும்போது பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாத பக்கத்திலிருந்து செய்யுங்கள்.

எஞ்சின் உண்மையிலேயே எவ்வளவு சூடு என்று தனியாகத் தெரிந்தால் இந்தப் படி முழுமை பெறும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் அது குறைத்துச் சொல்லும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளந்தால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். டேப்பின் மேல் 82 டிகிரி, ஸ்கேனரில் 40 டிகிரி என்று வந்தபோதுதான் தெர்மோஸ்டாட்டின் மேல் தவறில்லை என்று எனக்கு உறுதியானது. ஆனால் அதற்குள் அதை மாற்றிப் பணமும் கொடுத்திருந்தேன்.

அகச்சிவப்பு வெப்பமானியும் மிகையான சூட்டைக் காட்டினால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அது வேறு நோய், அதோடு ஓட்டினால் எஞ்சினே போய்விடும்.

7. கனெக்டரைக் கழற்றி இரண்டு சோதனைகள்

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சென்சாரைக் கண்டுபிடியுங்கள். வழக்கமாக தெர்மோஸ்டாட் கூட்டிலோ சிலிண்டர் ஹெட்டிலோ இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒற்றை வயர் உள்ளது பெரும்பாலும் டாஷ்போர்டு முள்ளுக்கானது. இசியுவுக்கானதில் பெரும்பாலும் இரண்டு வயர். ஃபேன் சுவிட்ச் தனியாக இருப்பதும் உண்டு. கீழே உள்ள சோதனைகள் இசியுவுக்குப் போகும் இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும். மூன்று, நான்கு வயர் இருந்தால் வயரிங் படத்தைப் பார்க்காமல் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள்.

முதல் சோதனை. சாவி ஆஃப், கனெக்டரைக் கழற்றுங்கள், சாவி ஆன். ஸ்கேனர் கழித்தல் 40-ஐ அல்லது அதற்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கலாம், திடுக்கிட வேண்டாம். சில வண்டிகளில் இசியு தானாக ஒரு மாற்று அளவைப் போட்டுக்கொண்டு 80 என்றுகூடக் காட்டும். அப்படியானால் கோளாறு எண் பி0118 ஆக வந்ததா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை. வயர் பக்கத்துக் கனெக்டரில் இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய கம்பியால் இணையுங்கள். இப்போது அளவு மேல் எல்லைக்குத் தாவ வேண்டும், 120 டிகிரிக்கு மேல் எதுவானாலும் சரி. இரண்டு சோதனையும் ஒழுங்காக வந்தால் வயரும் இசியுவும் பிழைத்தன, சந்தேகம் சென்சாரின் மேல். இணைத்த பிறகும் அளவு நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் வயரில் தடை இருக்கிறது. என் வண்டியில் 50 டிகிரியில் நின்றது.

மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கனெக்டருக்குள் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சின்னப் பின்னின் வாய் அகன்றுவிடும், பிறகு சென்சாரில் மாட்டும்போது இறுக்கமாகப் பிடிக்காது. நல்ல கனெக்டரில் புதுக் கோளாறு உண்டாவது இப்படித்தான். குண்டூசி அளவு மெல்லியதாக எதையாவது பயன்படுத்துங்கள், அதையும் பின்புறம் வயர் நுழையும் வழியாக விடுவது உத்தமம்.

8. ஐந்து வோல்ட் ஏமாற்றும்

இந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் இரண்டு மாதமும் இங்கேதான் போனது.

கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, இரண்டு பின்னுக்கும் இடையில் வோல்ட் அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும். என் வண்டியில் வந்தது. மீட்டரை என்னிடம் காட்டி, வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார் மெக்கானிக். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக மின்னோட்டத்தை ஏறக்குறைய விடுவதே இல்லை. மின்னோட்டமே ஓடாதபோது, வழியில் 850 ஓம் துரு இருந்தாலும் வோல்ட் இறங்காது. அறுந்துபோகும் நிலையில் ஒரே இழையில் தொங்கும் வயரும் 5 வோல்ட்டைக் காட்டும்.

இதற்குத்தான் ரெசிஸ்டர். பல வண்டிகளில் வரும் ஒரு வகை சென்சாரின் அட்டவணை இப்படி இருக்கும், என் வண்டியிலும் இதுதான்:

0 டிகிரி: சுமார் 5,900 ஓம்
20 டிகிரி: 2,500 ஓம்
40 டிகிரி: 1,175 ஓம்
60 டிகிரி: 600 ஓம்
80 டிகிரி: 320 ஓம்
100 டிகிரி: 185 ஓம்

சென்சாருக்குப் பதிலாக 330 ஓம் ரெசிஸ்டரைக் கனெக்டரில் செருகினால், இசியு 80 டிகிரிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 2,200 ஓம் செருகினால் 23 டிகிரி அளவில். சாதாரண ரெசிஸ்டரில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும், ஆகவே ஓரிரு டிகிரி விலகலைப் பொருட்படுத்த வேண்டாம். எனக்கு 330 ஓமுக்கு 40 டிகிரி வந்தது. அட்டவணையைப் பாருங்கள், 40 டிகிரி என்றால் 1,175 ஓம். நான் செருகியது 330. மீதி 850 ஓம் கனெக்டருக்கும் இசியுவுக்கும் இடையில் எங்கோ ஒளிந்திருந்தது.

அதே 850-ஐக் குளிர்ந்த எஞ்சினின் 2,500 ஓமோடு கூட்டிப் பாருங்கள்: 3,350. அது 13 டிகிரி. காலையில் பார்த்த ஏழு டிகிரி வித்தியாசம் அதுவே. குளிரில் சென்சாரின் தடை பெரியது, அதற்குப் பக்கத்தில் துருவின் தடை சின்னதாகத் தெரியும். சூட்டில் சென்சாரின் தடை 300 ஓமாகச் சுருங்கிவிடும், அப்போது துருவே பெரிய ஆளாகிவிடும். காலையில் சுலபமாகக் கிளம்பி மதியம் அடம்பிடித்த மர்மம் இவ்வளவுதான். உங்கள் வண்டியும் குளிரில் நன்றாகவும் சூட்டில் மோசமாகவும் நடந்துகொண்டால், சென்சாரை வாங்கும் முன் இந்த ரெசிஸ்டர் சோதனையைச் செய்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்று மறக்க வேண்டாம். எல்லா வண்டிக்கும் மேலே உள்ள அட்டவணை பொருந்தாது. வேறு சில வண்டிகளில் 20 டிகிரிக்கே 37,000 ஓம் இருக்கும். உங்கள் மேனுவலில் உள்ள அட்டவணையைப் பார்த்து அதற்கேற்ற ரெசிஸ்டரை வாங்குங்கள்.

9. சென்சாரைத் தனியாகச் சோதிப்பது

சென்சார் வண்டியில் இருக்கும்போதே கனெக்டரை மட்டும் கழற்றி அதன் இரண்டு காலிலும் ஓம் அளக்கலாம். ஆறிய எஞ்சினில் ஓர் அளவு, சூடான எஞ்சினில் ஓர் அளவு, இரண்டையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

இடையில் எங்கேயாவது குதிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கழற்றி வெந்நீரில் சோதியுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் உலோக முனை மட்டும் மூழ்கும்படி ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள். அடியிலோ ஓரத்திலோ படக் கூடாது, பட்டால் தண்ணீரைவிடச் சூடான உலோகத்தின் அளவு வரும். மின்கால்கள் இருக்கும் பக்கம் நனையக் கூடாது. மெதுவாகச் சூடாக்கி, தண்ணீரைக் கலக்கிவிட்டு, 20, 40, 60, 80 டிகிரியில் ஓம் குறித்துக்கொள்ளுங்கள். தடை வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று எண் காணாமல் போய்த் திரும்பி வந்தால் அந்த சென்சார் முடிந்தது. நான் கழற்றி வைத்திருந்த முதல் சென்சாரை இப்படி அளந்தேன். 20 டிகிரியில் 2,480, 80 டிகிரியில் 318. குறையே இல்லாத பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறேன். இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பி எடுக்காதீர்கள்.

10. கனெக்டரின் பின்புறம்

முன்பக்கம் பார்த்தால் என் கனெக்டர் பளிச்சென்று இருந்தது. பின்னால் வயர் நுழையும் இடத்தில் இருந்த ரப்பரை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. பின்னின் கடிவாய் வயரைக் கவ்வியிருந்த இடம் முழுக்கப் பச்சைப் பொடி, வயரின் செம்பு இழைகள் கருத்து, தொட்டாலே உதிர்ந்தன. ஈரம் அந்த ரப்பரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

கனெக்டரின் முகத்தில் மட்டும் அழுக்கு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, மாட்டினால் சரியாகும். கடிவாயில் அரிப்பு என்றால் கிளீனர் உதவாது. நல்ல செம்பு தெரியும் வரை வயரை வெட்டி, புதுப் பின் அல்லது வயரோடு வரும் புதுக் கனெக்டரைச் சேர்க்க வேண்டும். இரண்டு வயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக வெட்டுங்கள், இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், எஞ்சின் சூட்டில் டேப் பசை இளகிவிடும். கிரிம்ப் அடித்தோ (உலோகக் குழலில் வைத்து நசுக்கியோ) ஈயம் வைத்தோ சேர்த்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

கனெக்டர் நன்றாக இருந்தும் ரெசிஸ்டர் சோதனை தவறினால் எர்த்தைப் பாருங்கள். சென்சார் மாட்டியபடி, சாவி ஆன் நிலையில், சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் வோல்ட் அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் எர்த் வழியில் தடை. மற்ற சென்சார்களும் பெரும்பாலும் அதே எர்த்தைப் பகிர்வதால், அவற்றின் கோளாறு எண்ணும் கூடவே வந்திருக்கும்.

11. சென்சார்தான் பழுது என்று உறுதியானால்

செலவில் சென்சார் சின்னது. கூலி, அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மேலாக இருந்தால் அரை மணி நேர வேலை. இன்டேக் குழாய்க்கு அடியில் ஒளிந்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும், கூலி சென்சார் விலையைத் தாண்டிவிடும். வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால், சோதனைக் கூலி தனியா, மாற்றும் கூலியில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். அளந்த ஓம், வோல்ட் எண்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்குங்கள்.

புது சென்சாரை மாட்டும் முன்பே ஓம் அளந்து அட்டவணையோடு பாருங்கள். மரை பொருந்தும், கனெக்டர் பொருந்தும், உள்ளே தடை மட்டும் வேறாக இருக்கும் சென்சார்கள் உண்டு. ஒரு தடவை மாட்டிய மின்பொருளைப் பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள், ஆகவே கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, கீழே ஒரு தட்டு வைத்து, பழையதைக் கழற்றியதும் புதியதை உடனே நுழையுங்கள். ஓ ரிங் அல்லது வாஷர் புதியதாக இருக்கட்டும். மேனுவல் சொல்லும் அளவுக்குத்தான் இறுக்குங்கள், பித்தளை மரையும் பிளாஸ்டிக் கூடும் எளிதில் உடையும். எஞ்சின் உடம்பு வழியாக எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சாரில் மரையைச் சுற்றி வெள்ளை டேப் சுற்றாதீர்கள், எர்த் கிடைக்காமல் போகலாம்.

சிந்திய கூலன்டை அப்படியே விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், குழந்தை வாயில் வைக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொஞ்சமே உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கும். தண்ணீர் ஊற்றித் துடைத்து, தட்டில் பிடித்ததை மூடிய கேனில் வைத்து, பழைய கூலன்ட் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். நிரப்பும்போது ஏற்கெனவே உள்ள வகையையே ஊற்றுங்கள், வேறு வகையைக் கலக்க வேண்டாம்.

12. வேலை முடிந்த பின்

சோதனையின்போது நீங்களே உண்டாக்கிய பி0117, பி0118 எண்கள் பதிவாகியிருக்கும். இப்போது எல்லாவற்றையும் அழிக்கலாம். புகைச் சோதனைக்கு நாள் நெருங்கியிருந்தால் மட்டும் கவனம். எண்ணை அழித்தால் இசியு தன் உள்சோதனைகளையும் முதலிலிருந்து செய்யும். அவை முடிய சில நாள் ஓட்டம் தேவை. ஓபிடி வழியாகச் சோதிக்கும் இடங்களில், அவை முடியாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கம் எல்லாம் முடிந்ததாகக் காட்டிய பிறகு போங்கள்.

மறுநாள் காலை ஐந்தாவது, ஆறாவது படிகளை மறுபடி செய்யுங்கள். என் வண்டி இப்போது ஆறியபோது காற்றின் வெப்பநிலையோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகிறது, சூடானதும் 88-க்கும் 92-க்கும் நடுவில் நிற்கிறது. சூட்டில் நிறுத்திக் கிளப்பும் சோதனையைத் தனியாகச் செய்யுங்கள்: இருபது நிமிடம் ஓட்டி, பதினைந்து நிமிடம் நிறுத்தி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். ஒரு வாரம் கழித்து, ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டத்தையும் சென்சாரின் அடியையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரமோ வெள்ளைப் படிவமோ தெரிந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி போட வேண்டும்.